கிக்கர் இல்லாத புல்லட்

ஜெர்மனியில் போர்ஷே 911 வைத்திருப்பவருக்கும் தளவாய்புரத்தில் புல்லட் வைத்திருப்பவருக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. கம்பெனி புது மாடல் இறக்கியிருக்கிறது. பேர் அதேதான், சாயலும் கிட்டத்தட்ட அதேதான். உள்ளே இருக்கும் எஞ்சின் மட்டும் வேறு. கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் புதுசுக்குப் போவதா, இதையே ஓட்டிக்கொண்டிருப்பதா? ஷோரூமில் இருப்பவர் ஒன்று சொல்வார், மெக்கானிக் வேறொன்று சொல்வார், வீட்டில் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்.

தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் வட்டாரம் நைட்டிக்குப் பேர் போனது. துணி மூட்டை ஏற்ற டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட ஸ்கூட்டர் இருக்கிறது. ராஜபாளையம் போய்வர பஸ் இருக்கிறது. புல்லட்டால்தான் ஆகவேண்டிய காரியம் என்று இங்கே எதுவும் இல்லை. அது ஆசைக்கு வாங்குகிற வண்டி. ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்கும் அதைவிட நல்ல விளக்கம் கிடையாது. இந்தப் பக்கத்து ஸ்போர்ட்ஸ் கார் புல்லட்தான் என்று வைத்துக்கொண்டு, மாறலாமா வேண்டாமா என்ற கேள்வியை முழுதாகப் பார்த்துவிடலாம்.

முதலில் வம்சாவளி. புல்லட் என்ற பேர் 1930களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில், ராயல் என்ஃபீல்டு கம்பெனியில் பிறந்தது. எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் கேட்டதால் 1950களின் தொடக்கத்தில் இங்கே வந்தது. 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. ஆரம்பத்தில் அங்கிருந்து வந்த பாகங்களைக் கோத்துக்கொண்டிருந்தவர்கள் சில வருஷத்தில் எல்லாவற்றையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1970 வாக்கில் ரெட்டிச் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977இல் அதே வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். 1990களில் கம்பெனி ஐஷர் கைக்குப் போய், 2013இல் ஒரகடம், 2017இல் வல்லம் வடகால் என்று ஆலைகள் பெருகி, 2024-25 நிதியாண்டில் ஆண்டு விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது.

ஒரே பேரில் ஓடினாலும் இன்றைக்கு நம் சாலைகளில் இருப்பவை நான்கு வெவ்வேறு எஞ்சின்கள். பழைய காஸ்ட் அயர்ன், அதற்கடுத்த ஏவிஎல், 2008-09இல் வந்த யுசிஇ, 2020இல் மீட்டியோர் என்ற மாடலில் அறிமுகமாகி 2021இல் கிளாசிக் மாடலுக்கும் 2023இல் புல்லட்டுக்கும் வந்த ஜே சீரிஸ். உங்களிடம் இருப்பது இதில் எது என்பதைப் பொறுத்தே பதில் மாறும். பலர் இதைப் பார்க்காமலே 'பழசு நல்லதா, புதுசு நல்லதா' என்று டீக்கடையில் மல்லுக்கட்டுகிறார்கள்.

காஸ்ட் அயர்ன் வண்டியை ஸ்டார்ட் செய்வதைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறீர்களா? சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டரில் முள் இடப்பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் முள் துள்ளி நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம். அங்கே சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. இந்த வரிசை தெரிந்தவர் செருப்புக்காலோடு ஸ்டார்ட் செய்துவிட்டுப் போவார். தெரியாதவர் முரட்டுத்தனமாக மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் வாங்கியவர்கள் ராஜபாளையத்தில் நிறையப் பேர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஒன்றாவது கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நியூட்ரல் விழவில்லையா, அதற்கென்றே குதிகாலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு லீவர்.

70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் ஓட்டம் என்ற நீண்ட சிலிண்டர், கனத்த ஃப்ளைவீல், 18 குதிரைத்திறன். இந்தக் கணக்கில்தான் அந்தச் சத்தம் இருக்கிறது. எஞ்சினும் கியர் பாக்ஸும் தனித்தனி. செயின் கேஸில் ஆயில் கசியும். கசியாத வண்டியில் ஆயில் இல்லை என்று அர்த்தம் என்று மெக்கானிக்குகள் கிண்டலடிப்பார்கள். டேப்பெட், பாயிண்ட் கேப், கார்புரேட்டர் எல்லாம் ஒரு ஸ்பேனர் செட்டும் ஃபீலர் கேஜும் இருந்தால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சரிசெய்யக்கூடியவை.

ஏவிஎல்லை வேகமாகக் கடந்துவிடலாம். ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த அலுமினிய எஞ்சின். 2002இல் வந்த தண்டர்பேர்டு இதில் ஓடியது. மைலேஜ் நன்றாகத் தந்தது, கசிவு குறைந்தது. ஆனால் பழைய ஆட்களும் அதைத் தங்கள் வண்டியாக ஏற்கவில்லை, புதிதாக வந்தவர்களும் கொண்டாடவில்லை. பாவம், நல்ல எஞ்சின்.

யுசிஇதான் இப்போது ஊரில் அதிகம். எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள். தானே அட்ஜஸ்ட் ஆகும் ஹைட்ராலிக் டேப்பெட். செல்ஃப் ஸ்டார்ட், கூடவே கிக்கரும். கியர் இடது காலுக்கு வந்துவிட்டது. 2009 இறுதியில் கிளாசிக் இந்த எஞ்சினோடு வந்தபோது மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். குறை என்றால் எண்பதைத் தாண்டினால் கைப்பிடியிலும் ஃபுட்ரெஸ்டிலும் ஏறும் நடுக்கம், அப்புறம் செல்ஃப் போடும்போது ஸ்பிராக் கிளட்ச் தரும் தொல்லை. இரண்டையும் அறியாத யுசிஇ உரிமையாளர் அபூர்வம்.

ஜே சீரிஸில் எஞ்சின் புதுசு, சேசிஸும் புதுசு. 349 சிசி, மேலேயே கேம் ஷாஃப்ட், நடுக்கத்தை அடக்க பேலன்சர் ஷாஃப்ட், இரட்டைக் குழாய் சட்டகம், எரிபொருள் இன்ஜெக்‌ஷன். எடை 195 கிலோ. கிக்கர் கிடையாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். யுசிஇ 19.8 குதிரைத்திறன், ஜே சீரிஸ் 20.2. பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, இங்கிலாந்தில் தனியாக வடிவமைப்பு மையம் திறந்து, புது எஞ்சின் கொண்டுவந்து, கூடியது அரைக் குதிரைகூட இல்லை. டார்க் ஒரு நியூட்டன் மீட்டர் குறைந்தேவிட்டது. ரெட்டிச் காலத்து 18இலிருந்து எண்ணினால்கூட அறுபத்தைந்து வருஷத்தில் சுமார் இரண்டு. ஆகவே 'புதுசு பிக்கப் அதிகம்' என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். கம்பெனி காசு போட்டது வேகத்துக்காக அல்ல.

பின் எதற்காக? பெரும்பாலும் சட்டத்துக்காக. 2010 ஏப்ரலில் பிஎஸ் 3 புகை விதி இருசக்கர வாகனங்களுக்கு நாடு முழுக்க வந்தபோதுதான் காஸ்ட் அயர்ன் எஞ்சினின் காலம் முடிந்தது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6. கார்புரேட்டர் போயிற்று, இன்ஜெக்‌ஷன் வந்தது. 500 சிசி புல்லட் நிறுத்தப்பட்டது. 'பழைய மாதிரியே செய்யலாமே, கம்பெனிக்கு என்ன கேடு' என்று கேட்பவர்கள், பழைய மாதிரியே செய்தால் ஆர்டிஓ பதிவு செய்யமாட்டார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதே நாடகம் வெளியிலும் நடந்திருக்கிறது. 1963இல் காட்டப்பட்ட நாளிலிருந்து போர்ஷே 911இன் எஞ்சின் காற்றால் குளிர்ந்தது. 1997இல் வந்த 996 மாடலில் தண்ணீருக்கு மாறினார்கள். காரணம் அங்கேயும் புகையும் சத்தமும் பற்றிய விதிகள்தான். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ஹெட்லைட் வடிவத்தைப் பொரித்த முட்டை என்று கேலி பேசினார்கள். அந்த 996தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்திய மாடல்களில் ஒன்று. ஆனாலும் சந்தையில் இன்றைக்கும் அதற்கு முந்தைய 993க்குத்தான் விலை அதிகம். ஓட்டிப் பார்த்தால் எது நல்ல கார் என்பது ஒரு கேள்வி. எதை விற்றால் பின்னால் வருத்தப்படுவோம் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தவறான முடிவெடுக்கிறார்கள்.

மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 கொஞ்சம் வேறு கதை. 1989இல் வந்த சின்ன இரண்டு சீட்டுக் கார். தலைமுறை மாற மாறக் கனம் கூடியது. நான்காவது தலைமுறை 2015இல் விற்பனைக்கு வந்தபோது மூன்றாவதைவிட நூறு கிலோ அளவுக்கு இளைத்து வந்தது. எதற்காக ஜனங்கள் அந்தக் காரை விரும்பினார்கள் என்பதைக் கம்பெனி மறக்கவில்லை.

மறந்தவர்களின் கதைக்கு ஜப்பான் போகவேண்டாம், வண்டலூர் போதும். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் ஹெரால்டு ஒரு காலத்தில் தமிழ்நாட்டு டாக்டர்களின், வக்கீல்களின் வாசலில் நின்ற கார். இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரே ஹெரால்டின் சட்டகத்தை அடிப்படையாக வைத்துத்தான் உருவானது. அப்படிப்பட்ட கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றை இறக்கியது. உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. பார்த்தால் கண்ணைப் பறிக்கும். உள்ளே 1940களின் வான்கார்டு வம்சத்து எஞ்சின். புது மாப்பிள்ளையின் கோட்டைத் தாத்தாவுக்குப் போட்டுவிட்ட மாதிரி. விலை அதிகம், பெட்ரோல் தின்றது, ஓட்டமும் இல்லை. சில வருஷத்துக்குள் அங்கே கார் தயாரிப்பே நின்றுபோனது. ராயல் என்ஃபீல்டு செய்தது இதற்கு நேரெதிர்: பழைய உடல், புது உயிர். டேங்கில் கோடு இன்றைக்கும் கையால்தான் இழுக்கிறார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். மாறவேண்டாம் என்பவர்கள் முதலில் எடுப்பது சத்தத்தை. 'டுக் டுக்' இல்லாத புல்லட் என்ன புல்லட் என்று. ஜே சீரிஸின் சத்தம் மென்மையாகிவிட்டது உண்மை. காஸ்ட் அயர்னோடு ஒப்பிட்டால் சலிப்பாகவும் இருக்கும். ஆனால் இந்த வாதத்தை உரக்கப் பேசும் பலர் ஓட்டுவது யுசிஇ. சத்தம் கடையில் வாங்கி மாட்டிய சைலன்சரின் உபயம். யுசிஇ வந்தபோது இதே ஆட்களின் சித்தப்பாக்கள் 'இது புல்லட்டே இல்லை' என்றார்கள். இன்னும் பத்து வருஷம் கழித்து ஜே சீரிஸின் சத்தத்துக்காக ஒருவர் கண் கலங்குவார். சத்தத்தை வைத்து முடிவெடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

மாறச்சொல்கிற பக்கத்தில் எனக்குக் கனமாகப் படுவது பிரேக். திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வந்து, அப்படியே சேத்தூர்ப் பக்கம் ஓட்டிப்பாருங்கள். எதிரே கேரளா லோடு லாரிகள் ஹைபீமைக் குறைக்காமல் வரும். ஓரத்தில் லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லர். திடீரென்று ஒரு மாடு. பழைய வண்டியின் டிரம் பிரேக்கைப் பிடித்தால், 'யோசித்துச் சொல்கிறேன்' என்று அது பதில் சொல்லும். ஆறு வோல்ட் காலத்து ஹெட்லைட் என்றால் அது காட்டும் வெளிச்சத்தில் நாம் இருப்பதுதான் மற்றவருக்குத் தெரியும், ரோடு நமக்குத் தெரியாது. புதுசில் முன்னால் 300 மில்லிமீட்டர் டிஸ்க், ஏபிஎஸ், வளைவில் ஆடாத சட்டகம். குற்றால சீசனுக்கு மனைவியைப் பின்னால் வைத்து, சாரலில் நனைந்த ரோட்டில் தென்காசி வரை போகிறவர் இதை யோசித்தே ஆகவேண்டும்.

கிக்கர் இல்லாதது சாதாரண விஷயம் போலத் தெரியும். நைட்டி யூனிட் வைத்திருப்பவர்கள் பலர் வாரம் முழுக்க எக்ஸ்எல்லிலும் டாட்டா ஏஸிலும் ஓடிவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் புல்லட்டை எடுக்கிறார்கள். தீபாவளி, பொங்கல் ஆர்டர் நேரத்தில் வாரக்கணக்கில் எடுப்பதில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டி நின்றுகொண்டே இருந்தாலும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சுத்தமாக இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பெரும்பாடு; பெட்ரோல் பம்புக்கும் இக்னிஷனுக்கும் கரண்ட் வேண்டும். 195 கிலோவை அந்தச் சந்துகளில் தள்ளிப்பார்த்தவருக்குக் கிக்கரின் அருமை தெரியும். எடுக்காமல் வைத்திருக்கப் போகிறவருக்கு ஜே சீரிஸ் தோதல்ல. தினமும் ஓட்டுபவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

அடுத்தது பெட்ரோல். நான்கைந்து வருஷத்துக்கு முன் இந்த விவாதத்திலேயே இல்லாத சங்கதி. இப்போது பங்க்குகளில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய ரப்பர் வாஷர், டியூப், கார்புரேட்டரின் ஓ-ரிங் இவற்றை ஊறவைத்துக் கெடுக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் பாகங்கள் இதைத் தாங்கும்படி தயாரிக்கப்பட்டவை. பழசு வைத்திருப்பவர் ரப்பர் சாமான்களை மாற்றிக்கொண்டு, வண்டியை நிறுத்திவைக்கும்போது கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டால் தாக்குப்பிடிக்கலாம். முடியாத காரியம் அல்ல, ஆனால் கூடுதல் வேலை.

பதினைந்து வருஷம் முடிந்த வண்டிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்டிஓ ஆபீசில் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு 2025இல் 2,000 ஆனது. பசுமை வரி தனி. காசைவிட அலைச்சல்தான் பெரிசு. ஆனாலும் இதற்குப் பயந்து காஸ்ட் அயர்னை விற்றால், அதை வாங்குபவர் ஒரு மாதத்தில் அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டு நம் தெருவிலேயே ஓட்டிக்கொண்டு வருவார்.

புதுசின் விலைப் பக்கம் ஒரு நல்ல செய்தி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 31ஆக இருந்தது 40 ஆனது. 349 சிசியில் எஞ்சினை நிறுத்தியவர்கள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். 350இலிருந்து 650க்குப் போகலாமா என்று யோசித்தவர்களுக்குத்தான் அடி.

இவ்வளவுக்கும் மேல் நான் முக்கியமாக நினைப்பது மெக்கானிக். உங்கள் வண்டியின் சத்தத்தை வைத்தே 'அண்ணாச்சி, டேப்பெட் லூசா இருக்கு பாருங்க' என்று சொல்லக்கூடிய ஒரு கை பக்கத்தில் இருக்கிறதா? காஸ்ட் அயர்ன் கற்றவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பட்டறையில் பையனாக நின்று கற்றுக்கொள்ளும் வழக்கமும் குறைந்துவிட்டது. சாமான் ஒரு பிரச்சினை அல்ல. பழைய புல்லட்டுக்கு மதுரையில் கிடைக்காத பாகம் அநேகமாக இல்லை, டூப்ளிகேட்டும் தாராளம். போடத் தெரிந்த ஆள்தான் பஞ்சம். ஜே சீரிஸில் கோளாறு என்றால் மெக்கானிக் முதலில் காது கொடுத்துக் கேட்பதில்லை, ஸ்கேனரைச் சொருகுகிறார். தளவாய்புரத்து மரத்தடிப் பட்டறையில் அது இருக்காது. ராஜபாளையம் சர்வீஸ் சென்டருக்குத்தான் போகவேண்டும். வாரண்டி உள்ளவரை சுகம். முடிந்தபிறகு லேபர் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடவேண்டும்.

ஆகவே என் கணக்கு இப்படிப் போகிறது. காஸ்ட் அயர்ன் வைத்திருப்பவர், அதைப் பார்க்க ஆள் இருக்கும்வரை, விற்கவே கூடாது. ஜே சீரிஸ் அதற்கு அடுத்த பதிப்பு அல்ல, வேறு வண்டி. ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கினால் இழந்தது திரும்ப வராது. ராத்திரிப் பயணத்துக்கும் குடும்பத்துக்கும் வேறு வண்டி வேண்டுமென்றால் தனியாக வாங்கலாம், அது புல்லட்டாகத்தான் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. ஏவிஎல் வைத்திருப்பவர் மைலேஜ் திருப்தி என்றால் ஓட்டித் தீர்க்கலாம். விற்றால் பெரிதாக ஒன்றும் வராது. யுசிஇ வைத்திருப்பவர்தான் உண்மையில் யோசிக்கவேண்டியவர். மாதம் ஒரு தடவையாவது நெடுந்தூரம் போகிறார், பின்னால் ஆள் உட்காருகிறார், ஏபிஎஸ் இல்லாத 2019க்கு முந்தைய வண்டி என்றால் மாறிவிடலாம். நடுக்கம் போகும், பிரேக் வரும், விட்டுப்போவது அதிகம் இல்லை. உள்ளூரிலேயே ஓடுகிற, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற யுசிஇ என்றால் கிக்கர் உள்ள அந்த வண்டியே போதும்; மிச்சக் காசில் நல்ல டயரும் முன்பக்க பிரேக் பேடும் மாற்றுங்கள். ஜே சீரிஸையே வாங்கிவிட்டு அடுத்த கலர் வந்ததும் மாற்றத் துடிப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மாறுவதென்று முடிவாகிவிட்டால் ஷோரூம் எக்ஸ்சேஞ்சில் பழசைத் தள்ளவேண்டாம். அங்கே எல்லா வண்டிக்கும் ஒரே தராசு. ராஜபாளையத்து ஆட்டோ கன்சல்டிங்கில் விசாரித்தால் கூட வரும், நேராக ஆள் பிடித்து விற்றால் இன்னும் வரும். எப்படி விற்றாலும் 29, 30 ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். பரிவாஹன் தளத்தில் ஆர்.சி. வாங்கியவர் பேருக்கு மாறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாறும்வரை அவர் ஹெல்மெட் போடாமல் போனாலும் அபராதச் செய்தி உங்கள் போனுக்குத்தான் வரும். விபத்து என்றால் கோர்ட் நோட்டீஸும் உங்கள் வீட்டு விலாசத்துக்குத்தான்.